கோபம் சரி, பல்புதான் தப்பு

வீட்டு பல்பு ஏன் இவ்வளவு சீக்கிரம் ஃபியூஸ் போகுதுன்னு யாராவது கேட்டால், இப்போதெல்லாம் ரெடிமேடாக ஒரு பதில் வந்துவிடுகிறது. "அதெல்லாம் கம்பெனிக்காரங்க சதிங்க. அமெரிக்காவுல நூறு வருஷத்துக்கு மேல எரியிற பல்பு ஒண்ணு இருக்கு. 1924-ல எல்லா கம்பெனியும் ஒண்ணு கூடி, ஆயிரம் மணி நேரத்துக்கு மேல எரியக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க." வாட்ஸ்அப் ஃபார்வர்டு, யூடியூப் காணொளி, டீக்கடைப் பேச்சு என்று எல்லா வடிவத்திலும் இது சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்தச் சுற்றலுக்குப் பெரிய தள்ளு கொடுத்தது 2010-ல் கோசிமா டன்னோரிட்சர் எடுத்த 'தி லைட் பல்ப் கான்ஸ்பிரசி' என்ற ஆவணப்படம்.

இந்தக் கதையைத்தான் இங்கே விமர்சிக்கப் போகிறேன். பொய் என்று சொல்லி ஒதுக்க அல்ல. இதில் பெரும்பகுதி உண்மை, ஆவணங்கள் இருக்கின்றன. என் புகார் வேறு. இந்தக் கதை ஒரு சின்ன கணக்கை விட்டுவிடுகிறது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், குண்டு பல்பின் ஆயுளைக் குறைத்தது நாம் நினைக்கிற அளவு பெரிய கொள்ளை இல்லை என்று தெரியும். அதே கணக்கை இன்றைக்கு நம் வீட்டு ஹோல்டரில் மாட்டியிருக்கும் எல்இடி பல்புக்குப் போட்டால், அங்கே அந்த சமாதானம் எடுபடாது என்பதும் தெரியும். நூறு வருஷத்துக்கு முந்தைய பல்பு மேல் கோபப்பட்டுக்கொண்டே, கையில் இருக்கிற பல்பை நாம் சும்மா விட்டுவிடுகிறோம்.

முதலில், கதையின் உண்மையான பகுதி

1924 டிசம்பரில் ஜெனீவாவில் உலகின் பெரிய பல்பு கம்பெனிகள் கூடின. ஜெர்மனியின் ஓஸ்ராம், நெதர்லாந்தின் பிலிப்ஸ், ஹங்கேரியின் டங்ஸ்ராம், பிரான்சின் கொம்பனி தே லாம்ப் எல்லாம் அதில் உண்டு. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் தன் வெளிநாட்டுக் கிளைகள் வழியாக உள்ளே இருந்தது. கூட்டணிக்கு வைத்த பெயர் ஃபீபஸ். கிரேக்கர்களின் ஒளிக் கடவுள் அப்பல்லோவின் இன்னொரு பெயர் அது.

அவர்கள் செய்தது இரண்டு வேலை. ஒன்று, எந்த நாட்டுச் சந்தை யாருக்கு, எவ்வளவு பங்கு என்று பிரித்துக்கொண்டார்கள். இரண்டு, சாதாரண வீட்டு பல்பின் ஆயுள் 1,000 மணி நேரம் என்று நிர்ணயித்தார்கள். அதற்கு முன்னால் 1,500 முதல் 2,000 மணி நேரம் எரியும் பல்புகள் சந்தையில் சாதாரணமாகக் கிடைத்தன. ஒவ்வொரு தொழிற்சாலையும் மாதிரி பல்புகளை சுவிட்சர்லாந்தில் இருந்த பொதுச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். பல்பு அதிக நேரம் எரிந்தால் அபராதம், சுவிஸ் ஃபிராங்கில். நன்றாக உழைத்ததற்கு அபராதம்! இந்த இடத்தில்தான் எல்லாருக்கும் ரத்தம் கொதிக்கிறது. நியாயம்தான்.

திட்டம் வேலையும் செய்தது. 1926-ல் சராசரியாக 1,800 மணி நேரம் எரிந்த பல்பு, 1933-34 நிதியாண்டில் 1,205 மணி நேரத்துக்கு இறங்கியிருந்தது. நோக்கம் என்ன என்பதிலும் சந்தேகம் வேண்டாம். சில உறுப்பினர்கள் கொஞ்சம் அதிக வோல்ட்டேஜுக்கு வடிவமைத்த பல்புகளை விற்று விதியைத் தாண்டப் பார்த்தார்கள். அதைக் கண்டித்து ஆன்டன் பிலிப்ஸ் எழுதிய கடிதம் இருக்கிறது. நீண்ட ஆயுள் பல்பு என்ற சேற்றிலிருந்து கஷ்டப்பட்டு வெளியே வந்திருக்கிறோம், திரும்ப அதில் விழ வேண்டாம், மொத்த விற்பனை பாதிக்கும் என்பது அதன் சாரம். வெளிச்சத்தின் தரம் பற்றிய கவலையெல்லாம் இல்லை, விற்பனைதான் கவலை.

இதுவரைக்கும் கதை சரி. ஆனால் விற்பனைக்காகச் செய்தார்கள் என்பதாலேயே, வாங்கியவருக்கு நஷ்டம் என்று ஆகிவிடாது. அதற்குத் தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும்.

விட்டுப்போன கணக்கு

குண்டு பல்பு வெளிச்சம் தருவது சூட்டினால். உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை ஏறக்குறைய 2,500 டிகிரி செல்சியஸுக்குப் பழுக்கிறது. டங்ஸ்டன் உருகுவது 3,422 டிகிரியில். உருகவில்லையே தவிர, அந்தச் சூட்டில் இழையிலிருந்து அணுக்கள் ஆவியாகிக்கொண்டே இருக்கும். பழைய பல்பின் கண்ணாடி உள்பக்கம் கறுத்துப் போயிருக்கும், பார்த்திருப்பீர்கள். அது இழையிலிருந்து கிளம்பிப் போன டங்ஸ்டன்தான். இழையில் எங்கேயாவது ஓரிடம் மெலிந்தால் அங்கே சூடு கூடும். சூடு கூடினால் இன்னும் வேகமாக மெலியும். கடைசியில் ஒருநாள் சுவிட்சைப் போடும்போது 'டப்'. சுவிட்ச் போடும் நேரத்தில்தான் பெரும்பாலும் போகும், ஏனென்றால் குளிர்ந்த இழையின் மின்தடை ரொம்பக் குறைவு, அந்த நொடியில் வழக்கத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் கரண்ட் பாயும்.

சரி, இழை நீண்ட நாள் இருக்க என்ன செய்யலாம்? சூட்டைக் குறைக்கலாம். ஆனால் சூட்டைக் குறைத்தால் வெளிச்சம் அதைவிட வேகமாகக் குறையும், மஞ்சளடிக்கும், சாப்பிடும் கரண்டில் இன்னும் பெரிய பங்கு வெறும் வெப்பமாகப் போகும். பொறியாளர்கள் இதற்குத் தோராயமான சூத்திரங்கள் வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் வோல்ட்டேஜின் 3.4-வது அடுக்கில் மாறும், வாட் 1.6-வது அடுக்கில் மாறும், ஆயுளோ எதிர்த்திசையில் 13-வது அடுக்கு மாதிரி மாறும்.

எண்ணைப் போட்டுப் பார்ப்போம். வோல்ட்டேஜை 5% குறைத்தால் ஆயுள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆஹா என்று தோன்றும். ஆனால் வெளிச்சம் 16% குறையும், கரண்ட் செலவு 8% மட்டும்தான் குறையும். அதாவது, அதே அளவு வெளிச்சம் வேண்டுமென்றால் சுமார் 10% அதிகமாக கரண்ட் எரிக்க வேண்டும்.

இதை ரூபாயில் பார்க்கலாம். ஒரு கணக்குக்கு, 60 வாட் குண்டு பல்பு 10 ரூபாய், மின்சாரம் யூனிட் 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,000 மணி நேரத்தில் அந்த பல்பு 60 யூனிட் சாப்பிடும். 300 ரூபாய். பல்பின் விலை 10. இப்போது 2,000 மணி நேரம் எரியும் பல்பை அதே வெளிச்சத்துக்கு வாங்கினால், 1,000 மணி நேரத்துக்கு மிச்சம் அரை பல்பு, அதாவது 5 ரூபாய். கூடுதல் கரண்ட் 6 யூனிட், 30 ரூபாய். அஞ்சு ரூபாய் மிச்சம் பிடிக்க முப்பது ரூபாய் செலவு. "நீண்ட நாள் உழைக்கும் பல்பு" என்று சந்தோஷமாக வாங்கியவர்தான் இங்கே ஏமாந்தவர்.

குண்டு பல்பைப் பொறுத்தவரை, வாங்கும் விலை மொத்தச் செலவில் வெறும் 3%. மீதி 97% மின்கட்டணம். இந்த நிலைமையில் ஆயுளை நீட்டி அந்த 3%-ஐக் குறைக்கிறேன் என்று போய், 97%-ஐக் கூட்டுவது புத்திசாலித்தனம் இல்லை. ஆவணப்படத்தைப் பார்த்து முடிக்கும்போது நம் மனதில் நிற்பது ஆயுள் மட்டும்தான். மின்கட்டணம் நிற்பதில்லை. என் விமர்சனத்தின் முதல் பாதி இதுதான்.

ஃபீபஸுக்குத் தொடர்பே இல்லாத இடங்களிலும் இதே பேரம் நடந்திருக்கிறது. போட்டோ ஸ்டுடியோவுக்கென்று விற்ற ஃபோட்டோஃப்ளட் பல்புகள் சில மணி நேரமே எரியும். வெள்ளை வெளேர் என்ற வெளிச்சம் வேண்டும், ஆயுள் போனால் போகட்டும். டிராஃபிக் சிக்னல் பல்புகளோ 8,000 மணி நேரத்துக்கு வடிவமைக்கப்பட்டன. நடுரோட்டில் ஏணி போட்டு ஏறி மாற்றுகிற கூலி பல்பைவிட அதிகம், அதனால் கரண்ட் வீணானாலும் பரவாயில்லை. எவ்வளவு நாள் எரிய வேண்டும் என்பதை அந்த வேலைதான் முடிவு செய்கிறது.

நம்ம ஊர் அனுபவத்துக்கும் இந்தச் சூத்திரம் விளக்கம் கொடுக்கும். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீடுகளில், ராத்திரி லோடு குறைந்த நேரத்தில், 230 வோல்ட் 250-ஐத் தொடுவது உண்டு. 230-க்கு வடிவமைத்த குண்டு பல்பைத் தொடர்ந்து 250-ல் எரித்தால் ஆயுள் மூன்றில் ஒரு பங்காகிவிடும். "எங்க வீட்ல மட்டும் பல்பு நிக்கவே மாட்டேங்குது" என்று அந்தக் காலத்தில் புலம்பிய பல வீடுகளில், வில்லன் ஜெனீவாவில் இல்லை, தெருமுனைக் கம்பத்தில் இருந்திருப்பான்.

அப்போ அந்த நூறு வருஷ பல்பு?

கலிஃபோர்னியாவின் லிவர்மோர் நகரத் தீயணைப்பு நிலையத்தில் தொங்கும் பல்பு உண்மையான பல்புதான். ஒஹையோவின் ஷெல்பி எலக்ட்ரிக் கம்பெனி செய்தது, 1901-லிருந்து எரிகிறது என்று கணக்கு. ஆனால் அது இப்போது தருவது என்ன? சுமார் 4 வாட் எடுத்துக்கொண்டு, ஜீரோ வாட் பல்பு மாதிரி சிவந்து மினுங்குகிறது. கீழே உட்கார்ந்து பேப்பர் படிக்க முடியாது. கார்பன் இழை, குறைந்த சூடு, அநேகமாக அணைப்பதே இல்லை என்பதால் சுவிட்ச் போடும் அதிர்ச்சியும் கிடையாது. இத்தனை சலுகை கொடுத்தால் எந்த இழையும் நீண்ட நாள் தாங்கத்தான் செய்யும்.

இன்னொன்று, அதே கம்பெனி செய்த பல்புகள் ஏராளம். அவற்றில் பிழைத்து நிற்கும் ஒன்றை வைத்து "அந்தக் காலத்துப் பொருள் எல்லாம் இப்படித்தான்" என்று சொல்வது, ஊரில் நூறு வயது தாத்தா ஒருவரைக் காட்டி, அந்தக் காலத்தில் எல்லாரும் நூறு வயது வாழ்ந்தார்கள் என்று சொல்கிற மாதிரி.

அதுக்காக ஃபீபஸ் நல்லவங்களா?

இல்லீங்க. இங்கேதான் சிலர் எதிர்ப்பக்கம் ஓடிவிடுகிறார்கள். "1,000 மணி நேரம் என்பது பொறியியல் ரீதியாகச் சரியான சமரசம், ஆகவே சதியே இல்லை" என்று முடித்துவிடுகிறார்கள். அதுவும் அரைகுறை வாசிப்பு.

1951-ல் பிரிட்டனின் ஏகபோகங்களை விசாரிக்கும் ஆணையம் பல்பு வியாபாரத்தை விரிவாக ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. எல்லாருக்கும் பொருந்தும் ஒரே சரியான ஆயுள் என்று எதுவும் கிடையாது, 1,000 மணி நேரம் ஒரு நியாயமான சமரசம்தான் என்று அது ஏற்றுக்கொண்டது. அதே சமயம், போட்டியை ஒடுக்கிய விலை, பங்கீட்டு ஏற்பாடுகளைக் குறை சொன்னது. அமெரிக்காவில் 1949-ல் ஒரு நீதிமன்றம் ஜெனரல் எலக்ட்ரிக் மீதான ஏகபோக வழக்கில் அந்தக் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஸ்வீடனில் கூட்டுறவு இயக்கம் 1930-களின் தொடக்கத்தில் லூமா என்ற பெயரில் சொந்தமாக பல்பு செய்து, கூட்டணியின் விலையைவிடக் குறைவாக விற்றுக் காட்டியது. விலையில் எவ்வளவு கொழுப்பு இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

ஆக, கொள்ளை நடந்தது விலையிலும் தேர்வுரிமையிலும். எனக்கு 2,000 மணி நேர பல்பு வேண்டும், மாடிப்படி உச்சியில் இருக்கிறது, கரண்ட் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்று ஒருவர் நினைத்தால், அதை வாங்கும் வழியை அபராதம் போட்டு அடைத்தார்கள். எது நமக்கு லாபம் என்று நாம் கணக்குப் போட வேண்டிய இடத்தில், நமக்குத் தெரியாமல் அவர்கள் போட்டுவிட்டார்கள். விடை தற்செயலாகச் சரியாக இருந்தாலும், செய்த காரியம் தப்பு. இந்த வித்தியாசத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், எல்இடி-க்குப் போகும்போது தேவைப்படும்.

எல்இடி-யில் கணக்கு தலைகீழ்

குண்டு பல்பில் ஆயுளும் சிக்கனமும் எதிரிகள். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். எல்இடி-யில் இரண்டும் கூட்டாளிகள். ஒரு எல்இடி சிப்பில் குறைவான கரண்ட் விட்டால் அது குளிர்ச்சியாக இருக்கும், நீண்ட நாள் உழைக்கும், அதோடு ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் வெளிச்சமும் கூடும். ஆயுளுக்காக மின்கட்டணத்தில் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. விட்டுக்கொடுக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அதே வெளிச்சத்துக்கு அதிக சிப் போட வேண்டும், தயாரிப்புச் செலவு கூடும்.

இது காகிதத்தில் மட்டும் இருக்கிற விஷயம் இல்லை. 2016-ல் துபாய் மாநகராட்சியும் பிலிப்ஸும் சேர்ந்து 'துபாய் லேம்ப்' என்று ஒரு பல்பைக் கொண்டுவந்தார்கள். 3 வாட்டில் 600 லூமன், வாட்டுக்கு 200 லூமன். நம்ம ஊர் சாதாரண 9 வாட் பல்பு வாட்டுக்கு 100 லூமன் பக்கத்தில் நிற்கிறது. ரகசியம் பெரிதாக ஒன்றும் இல்லை. அதிக எல்இடி இழைகள், ஒவ்வொன்றிலும் குறைந்த கரண்ட். பிறகு 2021 செப்டம்பரில் ஐரோப்பா மின்சிக்கன லேபிளைக் கடுமையாக்கி, 'ஏ' தரத்துக்கு வாட்டுக்கு 210 லூமன் என்று வைத்ததும், 4 வாட்டில் 840 லூமன் தரும் பல்பு கடைக்கு வந்தது. அதன் மேல் போட்டிருக்கும் ஆயுள் 50,000 மணி நேரம். சிக்கனத்தைக் கட்டாயப்படுத்தினார்கள், ஆயுள் தானாகக் கூடவே வந்துவிட்டது. குண்டு பல்பு காலத்தில் இது நடந்திருக்கவே முடியாது.

சாதாரண பல்பில் நடப்பது இதற்கு நேர் எதிர். குறைந்த எண்ணிக்கையில் சிப், ஒவ்வொன்றிலும் அது தாங்குகிற எல்லைக்குப் பக்கத்தில் கரண்ட். செத்துப்போன எல்இடி பல்புகளை எடுத்து வைத்து, ஓய்வு நேரத்தில் மூடியைக் கழற்றிப் பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. இரண்டு வகை மரணம்தான் அடிக்கடி கண்ணில் படுகிறது.

முதல் வகை, சிப் மேல் கரும்புள்ளி. பல்பில் உள்ள எல்இடி-கள் வரிசையாக, ஒன்றின் பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும், திருவிழா சீரியல் செட் மாதிரி. ஒன்று அறுந்தால் அத்தனையும் இருட்டு. பத்துப் பன்னிரண்டு சிப் நல்ல நிலையில் இருக்க, ஒன்றே ஒன்று கருகியதற்காக முழு பல்பும் குப்பைக்குப் போகிறது. தெருவோர ரிப்பேர் கடைகளில் அந்த ஒற்றைச் சிப்பைத் தாண்டி ஒரு சொட்டு ஈயம் வைத்து பல்புக்கு உயிர் கொடுப்பார்கள். கொஞ்ச நாள் ஓடும். ஆனால் மூல காரணமான சூடு அப்படியேதான் இருக்கும்.

இரண்டாவது வகை, டிரைவர் போர்டில் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர். உள்ளே திரவம் உள்ள சின்ன உருளை. சூட்டில் அந்தத் திரவம் மெல்ல வற்றும். பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது பொது விதி. 105 டிகிரியில் 5,000 மணி நேரம் தாங்கும் என்று எழுதிய கெப்பாசிட்டர், 85 டிகிரியில் 20,000 மணி நேரம் போகும், 95 டிகிரியில் 10,000 மணி நேரத்தில் மண்டையைப் போடும். அதாவது, எங்கே மாட்டுகிறோம் என்பது ஆயுளில் பாதி. குண்டு பல்புக்கு சூடு சொந்தக்காரன், எந்த மூடிக்குள் போட்டாலும் கவலைப்படாது. எல்இடி-க்கு சூடு எமன். கண்ணாடிக் கூண்டு, ஃபால்ஸ் சீலிங் குழி மாதிரி காற்றோட்டம் இல்லாத இடத்தில் சாதாரண எல்இடி பல்பைப் போட்டால் சீக்கிரம் போகும். மூடிய கூண்டில் போடாதே என்று பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

பெட்டியில் போட்டிருக்கும் எண் யாருடைய ஆயுள்?

25,000 மணி நேரம் என்று பெட்டியில் போட்டிருக்கும். தினம் 5 மணி நேரம் என்றால் 13 வருஷத்துக்கு மேல். உங்கள் வீட்டில் பதின்மூன்று வருஷம் எரிந்த எல்இடி பல்பு எத்தனை?

25,000 மணி நேரம் என்பது இடைவிடாமல் எரித்தால் கிட்டத்தட்ட மூன்று வருஷம். அத்தனை காலம் எரித்துப் பார்த்துவிட்டு யாரும் புது மாடலைச் சந்தைக்குக் கொண்டுவருவதில்லை. நடப்பது என்னவென்றால், எல்எம்-80 என்ற முறையில் எல்இடி சிப்பைத் தனியாக, கட்டுப்படுத்திய வெப்பநிலையில், குறைந்தது 6,000 மணி நேரம் எரிய விட்டு வெளிச்சம் எப்படிக் குறைகிறது என்று அளப்பார்கள். பிறகு டிஎம்-21 என்ற முறையில் அந்தக் கோட்டை முன்னோக்கி நீட்டுவார்கள், அதிகபட்சம் சோதித்த நேரத்தைப் போல் ஆறு மடங்கு வரை. வெளிச்சம் 70%-க்கு இறங்கும் நாள்தான் 'ஆயுள்' முடியும் நாள்.

சிப்பைப் பற்றி இது நேர்மையான சோதனைதான். ஆனால் டிரைவர் இல்லை, கெப்பாசிட்டர் இல்லை, கூண்டு இல்லை, வோல்ட்டேஜ் ஏற்ற இறக்கம் இல்லை. என் தொழிலில் சொல்வதானால், ஒரே ஒரு ஃபங்ஷனை டெஸ்ட் பண்ணிவிட்டு, முழு சிஸ்டமும் பாஸ் என்று ரிப்போர்ட் கொடுப்பது போல. பல்பு சாவது பெரும்பாலும் வெளிச்சம் மெல்லக் குறைந்து அல்ல, திடீரென்று. அந்தச் சாவைப் பற்றிப் பெட்டியில் இருக்கும் எண் வாயே திறப்பதில்லை.

கம்பெனியின் உண்மையான நம்பிக்கை தெரிய வேண்டுமா? பெட்டியைத் திருப்பி உத்தரவாதத்தைப் பாருங்கள். இரண்டு வருஷம் என்றால், தினம் 5 மணி நேரத்துக்கு 3,650 மணி நேரம். 25,000 என்பது அச்சடிக்கிற எண். 3,650 என்பது பல்பு போனால் கம்பெனி தன் கையிலிருந்து மாற்றிக் கொடுக்கத் தயாராக இருக்கிற எண். நடுவில் இருக்கிற இடைவெளிதான் நம் தலையில் விழுகிறது.

"அம்பது, நூறு ரூபாய்க்கு விக்கிற பல்புல இதுக்கு மேல என்ன எதிர்பாக்குறீங்க?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டம் நாடு முழுக்க 36 கோடிக்கு மேல் எல்இடி பல்புகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2014-ல் 310 ரூபாயாக இருந்த அரசுக் கொள்முதல் விலை 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. இது சாதாரண சாதனை இல்லை. 60 வாட் போன இடத்தில் 9 வாட் வந்தது, ஏழை வீட்டு மின்கட்டணமும் குறைந்தது. அந்தத் திட்ட பல்புகளுக்கு மூன்று வருஷ உத்தரவாதமும் இருந்தது. விலை குறைவு என்பது என் புகாரே இல்லை.

புகார் என்னவென்றால், விலை தெரிகிறது, ஆயுள் தெரியவில்லை. எல்இடி-யில் ஆயுள் நம் பாக்கெட்டை நேரடியாகத் தொடுகிறது. பழைய கணக்கையே திரும்பப் போடுவோம். 9 வாட், 100 ரூபாய் பல்பு, யூனிட் 5 ரூபாய். 1,000 மணி நேரத்துக்கு கரண்ட் 45 ரூபாய். பல்பு 25,000 மணி நேரம் எரிந்தால், 1,000 மணி நேரத்துக்கு பல்பின் பங்கு 4 ரூபாய், மொத்தம் 49. பல்பு 3,650 மணி நேரத்தில் போனால், பல்பின் பங்கு 27 ரூபாய், மொத்தம் 72. குண்டு பல்பில் 3%-ஆக இருந்த பல்பு விலை, இங்கே மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறது. குண்டு பல்பு சீக்கிரம் செத்தால் நமக்குப் பெரிய நஷ்டம் இல்லை. எல்இடி சீக்கிரம் செத்தால் நிஜமாகவே நஷ்டம். தூக்கிப் போடுவதும் வெறும் கண்ணாடியும் கம்பியும் அல்ல. அலுமினியம், சர்க்யூட் போர்டு, பிளாஸ்டிக் எல்லாம் சேர்ந்த மின்குப்பை.

ஃபீபஸுக்கு ஜெனீவாவில் கூட்டம் தேவைப்பட்டது, சோதனைக்கூடம் தேவைப்பட்டது, அபராதப் பட்டியல் தேவைப்பட்டது. இன்றைக்கு அதெல்லாம் வேண்டாம். எல்லாரும் சிப்பின் ஆயுளை பல்பின் ஆயுள் மாதிரி அச்சடித்தால் போதும். நல்ல டிரைவர் போட்டவனும் மோசமான டிரைவர் போட்டவனும் பெட்டியில் ஒரே மாதிரித் தெரிவார்கள். நல்லவனுக்குக் கூடுதல் விலை கொடுக்க யாருக்கும் காரணம் இருக்காது. சதியே இல்லாமல் சதியின் பலன் கிடைத்துவிடுகிறது. அன்றைக்குப் பறிபோன அதே தேர்வுரிமைதான் இன்றைக்கும் போகிறது.

நாமே அளக்கலாம்

சர்வர்களைப் பராமரிக்கிறவர்கள் ஒரு எளிய கணக்கு வைத்திருப்பார்கள். மொத்தம் ஓடிய நேரத்தை, பழுதான எண்ணிக்கையால் வகுப்பது. வீட்டுக்கும் அது பொருந்தும். வீட்டில் 10 பல்பு, ஒவ்வொன்றும் தினம் 5 மணி நேரம் என்றால், ஒரு நாளைக்கு 50 பல்பு-மணி நேரம். சராசரி 1,000 மணி நேரம் எரியும் குண்டு பல்புகளாக இருந்தால் 20 நாளைக்கு ஒன்று போகும். "எப்பப் பாத்தாலும் பல்பு போகுது" என்ற அந்தக் கால உணர்வு இதுதான், ஒவ்வொரு பல்பும் தன் முழு ஆயுளையும் வாழ்ந்திருந்தாலும் அப்படித்தான் தோன்றும். நிஜமான 25,000 மணி நேர எல்இடி என்றால் 500 நாளைக்கு ஒன்று. உங்கள் வீட்டில் நாலு மாசத்துக்கு ஒன்று போகிறதென்றால், நிஜ ஆயுள் 6,000 மணி நேரம் பக்கம்.

இதற்கு வேண்டியது ஒரு மார்க்கர் பேனா. பல்பு மாட்டும்போது கழுத்துப் பகுதியில் தேதியை எழுதிவிடுங்கள். பில்லை போட்டோ எடுத்து வையுங்கள். உத்தரவாதம் முடிவதற்குள் போனால் கடைக்குக் கொண்டுபோய் மாற்றுங்கள். "நூறு ரூபாய்க்கு யாரு அலையறது" என்று நாம் விட்டுவிடுவதில்தான் அந்த உத்தரவாதத்தின் மலிவே இருக்கிறது. வாங்கும்போது ஒரே லூமனுக்குக் குறைந்த வாட் உள்ளதைப் பாருங்கள். சூடு குறைவு என்று அர்த்தம், ஆயுளுக்கும் நல்ல அறிகுறி. மூடிய கூண்டுக்கு வாட் குறைந்த பல்பைப் போடுங்கள். இரண்டு பெட்டிகளில் 25,000, 30,000 என்று எண்கள் போட்டி போட்டால், இரண்டையும் விட்டுவிட்டு உத்தரவாத வருஷத்தை ஒப்பிடுங்கள்.

லேபிளும் மாற வேண்டும். பிஇஇ நட்சத்திரம் வாட்டுக்கு எத்தனை லூமன் என்பதைத்தான் அளக்கிறது. அதே பெட்டியில் இன்னும் இரண்டு வரி போதும்: முழு பல்பாக, டிரைவரோடு, இந்த வெப்பநிலையில் சோதித்தோம், இத்தனை மணி நேரத்தில் இத்தனை சதவீதம் பழுதானது என்று. ஐரோப்பாவில் ஒரு லேபிள் மாறியதும் வாட்டுக்கு 210 லூமன் பல்பு கடைக்கு வந்தது. எதைக் கேட்கிறோமோ அதைத்தான் தொழிற்சாலை செய்யும்.

லிவர்மோர் பல்பு பற்றிய அடுத்த ஃபார்வர்டு வரும்போது, அனுப்பியவரிடம் அவர் வீட்டு எல்இடி-யில் எழுதிய தேதியைக் கேட்டுப் பாருங்கள்.